பாதி கரைந்த முத்திரை

நாங்கள் எகிப்துக் கிறிஸ்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு முன் நாற்பத்து மூன்று நாள் பாலோ நெய்யோ தொடமாட்டோம். பழங்காலக் கல்லறைகளைத் தோண்டும் இடத்திலோ எல்லோருக்கும் ஒரே சட்டியில்தான் அவித்த மொச்சை. ஷஹாத் அண்ணன் முஸ்லிம். நெய் ஊற்றுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் அள்ளி, ரொட்டியால் மூடி, என் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். வைத்தது அவர்தான் என்று தெரியவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. கேட்டதற்கு, "பூனை வச்சிருக்கும்டா," என்றார்.

அவர் தோண்டும் வேலைக்குப் பேர்போன கிஃப்த் ஊர்க்காரர். மண் செங்கல்லும் வெறும் மண்ணும் ஒரே நிறம். கரண்டி உரசுகிற சத்தத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுவார். நான் அபிதோஸ்காரன். தோண்டி வருகிற பானை ஓடுகளைக் கழுவுவது என் வேலை.

அந்தக் குளிர்காலத்தில் இரி ஹோர் என்ற ராஜாவின் கல்லறையில் வேலை. ஐயாயிரம் வருடத்துக்கு முந்தியவர். ஒரு வாயின் மேல் பருந்து நிற்பதுபோல் வரைந்தால் அது அவர் பெயர். பானைகளில் அந்தக் கீறல் இருந்தது. அது ராஜா பெயரே இல்லை, வெறும் பானைக் குறி என்று சொன்ன படிப்பாளிகளும் உண்டாம். "அவர் பேர்ல அதிகாரி குத்தின முத்திரை ஒண்ணு இந்தக் குழியில கிடைச்சா போதும், அவர் ஆண்டார்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்," என்று தோண்டலை நடத்தும் ஆராய்ச்சியாளர், எங்கள் டாக்டரம்மா, தினமும் புலம்புவார்.

ஒரு காலை ஒரு கூடை ஓடு வந்தது. நான் வழக்கம்போலக் கூடையோடு தண்ணீரில் முக்கினேன். பானையின் வாயை அடைத்து முத்திரை குத்திய மண்கட்டி ஒன்று ஓடுகளுக்குள் கிடந்தது. சுடாத மண். என் விரலுக்கடியில் வெண்ணெய்போல வழுக்கியது.

"எடுடா! கையை எடு!" ஷஹாத் அண்ணன் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

பாதி கரைந்துவிட்டது. மீதியை உள்ளங்கையில் ஏந்தி நிழலில் உலர்ந்த மணல்மேல் வைத்தார். வெயில் பட்டால் வெடித்துவிடும் என்று கூடையைக் கவிழ்த்து மூடினார்.

"பேர் போயிருக்குமா அண்ணே?"

"முத்திரை உருளைடா. உருட்டினா அதே படம் திரும்பத் திரும்ப விழும். உருட்டினவன் சோம்பேறியா இல்லாம இருக்கணும், அவ்வளவுதான்."

மூன்று நாள் காய்ந்தது. நான் ஜெபித்தேன், அவர் ஐந்து வேளையும் தொழுதார். நான்காம் நாள் டாக்டரம்மா மெல்லிய தூரிகையால் தூசி தட்டினார். கரைந்த பக்கம் வழவழவென்று ஒன்றுமில்லை. மறுபக்கத்தில் பருந்து நின்றது. அதன் காலடியில் வாய். டாக்டரம்மா மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கட்டியைத் திருப்பினார். பின்னால் கயிற்றின் தடம். ஓரத்தில் ஒரு மனிதனின் கட்டைவிரல் ரேகை, நேற்று அழுத்தியதுபோல. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஷஹாத் அண்ணன் தன் கட்டைவிரலை அதன் அருகே, தொடாமல் பிடித்துப் பார்த்தார்.

"கோணலா அமுக்கியிருக்கான் பாரு. இவனையும் மேஸ்திரி விரட்டியிருக்கான்," என்றார்.

"இந்தப் பக்கம் எப்படிக் கரைஞ்சது?" டாக்டரம்மா கேட்டார். ஷஹாத் அண்ணன் தன் கரண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். நான்தான் முன்னால் போனேன். "என் கைதாம்மா. பாக்காம முக்கிட்டேன்." டாக்டரம்மா 'கழுவும்போது சேதம்' என்று ஏட்டில் எழுதினார். அந்த ராஜாவின் பெயர் உள்ள ஏட்டுப் பக்கத்திலேயே என் தவறும் இருக்கிறது. இருக்கட்டும், கடவுள் பாதியையாவது காப்பாற்றினார்.

அந்த மாசியோடு ஷஹாத் அண்ணனின் முழங்கால் வேலையிலிருந்து விடைபெற்றது, அவரும் ஊருக்குக் கிளம்பினார். ஊர் வண்டியில் ஏற்றிவிடப் போனேன். என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பிஷாய், என் பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சுட்டேன். நான் மௌத்தானா என்னைக் குளிப்பாட்ட உன்னை மட்டும் கூப்பிடக் கூடாதுன்னு. பாதி ஆளைத்தான் அடக்கம் பண்ண வேண்டியிருக்கும்!"