பாதி இதயத்தைத் திருடிய கடிகாரக்காரர்

நீதிமன்ற ஆவண அறைக் காப்பாளருக்கு வக்கீல்கள் வைத்த பெயர் 'அரை இதயம்'. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். இருபத்தெட்டு வருடமாக அந்த அறையின் வழக்குக் கட்டுகளையெல்லாம் தூசி தட்டிவிட்டு, மொத்தத்தில் ஒரே ஒரு கட்டைப் படித்த மனிதர் அவர். படித்தார் என்பதும் கொஞ்சம் தாராளம்தான். அந்தக் கட்டில் அவருக்குப் பிடித்த பக்கம் ஒன்று இருந்தது. அதைப் படித்தார்.

தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய வழக்கு அது. கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் தன் மனைவியைக் கொன்றுவிட்டார் என்று குற்றச்சாட்டு. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் டாக்டர் பழுப்பு மையில் எழுதியிருந்தார்: "இதயத்தின் இடப்பக்க அறைகள் காலி. வலப்பக்கத்தில் கருத்த ரத்தம்."

போதாதா? நம்மவர் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டார். அன்பு குடியிருப்பது இடப்பக்கமாம். மனைவிமேல் சந்தேகப்பட்ட கணவன், கடிகாரத்துக்கு எண்ணெய் விடும் ஊசியால் அந்தப் பக்கத்து ரத்தத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டானாம். 'காலி' என்று சொல்லும்போது குரலை இறக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். கேட்கிறவர்களில் யாராவது ஒருவர் "ஐயய்யோ" என்பார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடுகூட வேண்டாம். சட்டக் கல்லூரி மாணவர்கள், பத்திரிகைக்காரர்கள், மாற்றலாகி வந்த நீதிபதிகள் என்று கேட்காத ஆளே இல்லை.

அந்தக் கடிகாரக் கடை நீதிமன்றத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இன்னமும் இருந்தது. கடிகாரக்காரரின் பேத்தி நடத்தினார். பத்து வருடத்துக்கு முன் ஒருமுறை அவர் ஆவண அறைக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, எங்க தாத்தா கதைய விட்டுடக் கூடாதா? அப்பா வீட்ட விட்டு வெளியவே வர்றதில்ல."

"ரெக்கார்டுல இருக்கும்மா. நானா ஒரு எழுத்தும் சேக்கல" என்றார் காப்பாளர். ஊசியை வசதியாக மறந்துவிட்டார்.

இப்போது நீதிமன்றத்தில் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் திறக்கப் போகிறார்கள். மாவட்ட நீதிபதி முன்னிலையில் காப்பாளர் கதை சொல்ல வேண்டும். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் புதிதாக வந்திருந்த மருமகளை நாற்காலியில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். மருமகளுக்கு அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை டைப் அடிக்கும் வேலை. உள்ளங்கை விரிந்தது. "ஐயய்யோ" வரவில்லை.

"மாமா, இந்த வரிய நேத்துகூட ரெண்டு தடவ டைப் பண்ணேன்."

"ரெண்டு கொலையா?"

"ஒண்ணு பைக் ஆக்சிடென்ட். இன்னொருத்தர் மாரடைப்பு. செத்த பிறகு இதயம் இறுகிடும் மாமா, இடது பக்கம் ரத்தம் இல்லாம போறது சாதாரணம். டாக்டர் ஒவ்வொரு உறுப்பா பாத்து, சரியா இருந்தாலும் எழுதித்தான் ஆகணும். எழுதலைன்னா பாக்கலைன்னு ஆயிடும்."

காப்பாளரின் முகம் சுண்டிப்போனது. பாவம், மருமகளுக்கே மனசு கேட்கவில்லை. "நீங்க சொல்லுங்க மாமா. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றாள். அதுதான் அவரை அதிகமாகக் குத்தியது.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் அதே டாக்டர் எழுதிய வேறு கட்டுகளை இறக்கினார். மரத்திலிருந்து விழுந்தவர்: இடப்பக்கம் காலி. பாம்பு கடித்தவர்: இடப்பக்கம் காலி. இடி விழுந்து செத்தவர்: இடப்பக்கம் காலி. நாலாவது கட்டில், மாடு முட்டிச் செத்தவருக்கும் அதே பழுப்பு மை, அதே வரி. ஒன்று, கடிகாரக்காரர் ஊசியும் கையுமாக ஊரெல்லாம் அலைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், மாட்டிடமும் ஓர் ஊசி இருந்திருக்க வேண்டும்.

பிறகு, தன் செல்லக் கட்டின் கடைசிப் பக்கத்தை முதல்முறையாகப் புரட்டினார். அந்தப் பெண் மாடிப்படியில் கால் தவறி விழுந்ததை எதிர்வீட்டார் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். தலையில் அடிபட்டு மரணம். கணவர் விடுதலை. தீர்ப்பில் இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று மதியமே கடிகாரக் கடைக்குப் போனார். "திறப்பு விழாவுக்கு நீங்க வரணும்மா" என்றார். பேத்தி கையிலிருந்த வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஆனாலும் வந்தார். கதவோரமாக நின்றார். காப்பாளர் தீர்ப்பிலிருந்து ஆரம்பித்து, நாலு அறிக்கைகளையும் வாசித்துக் காட்டி, பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். கூட்டத்துக்குச் சப்பென்று போய்விட்டது. கதையை முன்பே கேட்டிருந்த வக்கீல் ஒருவர் விடவில்லை.

"அப்போ அந்த ஊசி?"

"அது நான் போட்டதுங்க" என்றார் காப்பாளர்.

சிலர் சிரித்தார்கள். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். பேத்தி மட்டும் அந்தக் கட்டை விரித்து வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, அந்தக் கடைசிப் பக்கத்தை விரலால் வரி வரியாகத் தொடர்ந்து படித்து முடித்தார்.

"மன்னிச்சிடும்மா."

"பாட்டி சாகறப்ப எங்கப்பாவுக்கு நாலு வயசு. தாத்தா ஒண்ணும் பண்ணலன்னு சொல்லித்தான் அவர வளத்தாங்க. வயசான காலத்துல உங்க கதைதான் நிஜம்னு நம்ப ஆரம்பிச்சிட்டாரு. ரெக்கார்டுலயே இருக்காமேன்னு சொல்லிச் சொல்லி அழுவாரு."

"அப்பா இப்ப எங்க இருக்காரும்மா? நான் நேர்ல வந்து சொல்றேன்."

"போய் ஆறு வருஷம் ஆச்சுண்ணே."

ஆறு வருடத்துக்கு முன்பும் அந்த நாலு கட்டுகள் அதே அலமாரியில்தான் இருந்தன. வாராவாரம் அவரே தூசி தட்டியிருக்கிறார்.