பீப்பாய்க்குள் இருக்கும்போதே வாங்கியது

கஜீவனைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவனிடமே சொன்னால், "என்னில எழுத என்ன அண்ணை கிடக்கு?" என்று கேட்பான். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. முப்பத்தைந்து வயது. சென்ட் லோரன்டில் வைன் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வில்லரேயில் இரண்டாம் மாடியில் வாடகை வீடு. ஒரு பக்கக் கதவு திறக்காத பழைய டொயோட்டா. இப்படியானவர்கள் மொன்றியலில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும் என்றால் அவனைச் சொல்லாமல் முடியாது.

நான் உருத்திரமூர்த்தி. அதே நிறுவனத்தில் ஓடர் எடுக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். சாமி, சாத்திரம், இராகு காலம் ஒன்றையும் நம்பாதவன் என்று ஊருக்குள் பெயர் எடுத்திருக்கிறேன். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கலியாண வீட்டில் ஐயர் நேரம் பார்க்கும்போது கொடுப்புக்குள் சிரிக்கிறவன் நான். என் மனைவி சிவநேசம் பக்கத்தில் இருந்து தொடையில் கிள்ளுவாள்.

கஜீவன் இங்கே வந்த புதிதில் சென்ட் டெனி வீதியில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவினான். மேசையிலிருந்து திரும்பிவரும் வைன் கிளாசுகளின் அடியில் மிஞ்சியதைக் கழுவுவதற்கு முன்பு ஒரு தடவை மணந்து பார்ப்பானாம். மூன்று வருடம் மணந்தே படித்துவிட்டான். குடிகாரன் இல்லை. எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர்கள் சுவை பார்த்துவிட்டுப் போன பிறகு, மிச்சப் போத்தலில் ஒரு வாய் எடுத்து உருட்டித் துப்பிவிட்டு ஒரு அபிப்பிராயம் சொல்லுவான். அதற்கென்றே படித்துவிட்டு வந்த பெரிய மனிதர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் கிடங்குக்குப் போய் அவனிடம் கேட்கத் தொடங்கினார்கள்.

"இப்ப இது கச்சல் வாழைக்காய் மாதிரித்தான் அண்ணை. பத்து வருசம் விட்டுப் பாருங்கோ," என்பான்.

இந்த வியாபாரத்தில் ஒரு விசித்திரமான பருவம் உண்டு. பிரான்சில் போர்தோப் பக்கத்துச் சிவப்பு வைன், போன இலையுதிர்காலத்தில் பிடுங்கிய திராட்சை, பீப்பாயில் கிடக்கும்போதே வசந்தத்தில் விற்பனைக்கு வந்துவிடும். முழுக் காசையும் இப்போதே கட்டவேண்டும். அது போத்தலில் இறங்கிக் கப்பலேறி இங்கே வர இரண்டு, இரண்டரை வருடம் ஆகும். அதுவரை வாங்கியவன் கையில் இருப்பது ஒரு கடிதம் மட்டும். கருவில் இருக்கும் பிள்ளைக்கு டொக்டர் பட்டம் கொடுக்கிற வேலை என்று நான் பகிடி பண்ணுவேன். ஆனாலும் வருடாவருடம் அந்த ஓடர்களை எடுப்பவன் நான்தான். ஊழியர்களுக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி குறைந்த விலையில் கிடைக்கும். ஊழியர் பெட்டி வெளியாளுக்குப் போகக்கூடாது என்பது மட்டும்தான் விதி.

கஜீவனின் மனைவி நிருஷா ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். முதல் கருவை ஐந்தாம் மாதத்தில் இழந்தவள். அப்போது அவசரப்பட்டு ஒரு சின்னப் போர்வை வாங்கி வைத்திருந்தாளாம். அடுத்த தடவை வயிற்றில் தங்கியபோது, பிள்ளை பிறந்து கையில் வரும்வரை வீட்டுக்குள் ஒரு துண்டுத் துணிகூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். தொழிற்சாலைத் தோழிகள் பரிசுகளோடு விருந்து வைக்க வந்தார்கள், வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டெரிக்குப் பெயர் பதியவும் விடவில்லை. இந்த ஊரில் வயிற்றில் இருக்கும்போதே பதியாவிட்டால் பிள்ளைக்கு மீசை முளைக்கும்போதுதான் இடம் கிடைக்கும் என்று நான் கஜீவனிடம் நக்கல் அடித்தேன். அவன் சிரித்துவிட்டுப் போனான்.

மே மாதம் ஒரு நாள் மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றான்.

"அண்ணை, எனக்கு ஒரு பெட்டி போடுங்கோ."

"உனக்கேன்ரா இந்த ஆசை?"

"மகனுக்கு. அவனுக்கு இருவது வயசு வரேக்கை இது சரியாப் பழுத்திருக்கும். நிருஷா ஒரு சொக்ஸ்கூட வாங்க விடுறாளில்லை. இது வீட்டுக்குள்ள வாற சாமான் இல்லைத்தானே. இப்ப இருக்கிறதே பிரான்சில."

எனக்கு அவனில் நல்ல விருப்பம் வந்தது. கூடவே என் பழைய குணமும் வந்தது. ஓடர் பத்திரத்தில் குறிப்புக்கென்று ஒரு வரி இருக்கும். அதில் பிரெஞ்சில் 'எங்கள் மகனுக்கு' என்று அடித்தேன்.

"அது வேண்டாம் அண்ணை. அவளுக்குத் தெரிஞ்சா..."

"விசர்க் கதை கதையாதை. ஒரு வரி எழுதினா வானம் இடிஞ்சு விழுமோ?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். உறுதிக் கடிதம் தபாலில் வீட்டுக்குப் போகும் என்பது எனக்கு நினைவில் இல்லை. இருபத்திரண்டு வருடம் அந்தக் கடிதங்களை அனுப்பியவனுக்கு நினைவில் இல்லை.

யூன் இரண்டாம் வாரம் பிள்ளை பிறந்துவிட்டான். இருபத்தெட்டு வாரம். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இன்குபேட்டருக்குள் குழாய்களோடு கிடந்தான். நிருஷா நான்கு நாளில் வீட்டுக்கு வந்தாள், ஆனால் குளிக்கவும் உடுப்பு மாற்றவும் மட்டும்தான் வருவாள். அப்படி வந்த ஒரு நாள் தபால் பெட்டியில் எங்கள் நிறுவனத்தின் தடித்த உறை கிடந்தது. பன்னிரண்டு போத்தல் சிவப்பு வைன், வாங்கிய திகதி, அதன் கீழே என் வரி. அவள் இங்கே பிரெஞ்சில் படித்தவள். ஒரு சொல்லும் தப்பியிருக்காது.

அவள் கடிதத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இன்குபேட்டருக்கு முன்னால் கஜீவனின் கையில் வைத்தாள்.

"முதல் இதைத் துலைச்சிட்டு வாங்கோ. பேந்து பிள்ளையைத் தொடலாம்."

குறைமாதப் பிள்ளைகளைத் தாயும் தகப்பனும் சட்டையைத் திறந்து நெஞ்சோடு வைத்துப் பிடிக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். பிள்ளையின் மூச்சு சீராகுமாம். தாதி ஒவ்வொரு நாளும் கஜீவனைக் கூப்பிட்டாள். தும்மல் தடிமன் என்றான், பிறகு இடுப்பில் நாரிப் பிடிப்பு என்றான். கூச்சப்படுகிறான் என்று நினைத்து அவள் தைரியம் சொன்னாள். நிருஷா கதிரையில் இருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

கடிதம் கைக்கு வந்த அடுத்த நாளே அதோடு என்னிடம் வந்தான். முகம் சவரம் இல்லாமல் வெளிறிப்போய் இருந்தது.

"கான்சல் பண்ண ஏலுமோ அண்ணை?"

"காசு கட்டினா ஏலாது. உனக்குத் தெரியும்தானே."

"வித்துவிட?"

"தனி ஆள் மது விக்கிறது இங்க குற்றம்."

"கையில இருந்தா ஆத்தில கொண்டுபோய் ஊத்திப்போடுவன். உடைக்கிறதுக்கு ஒரு போத்தலாவது இருக்கோ? அது எங்கையோ பீப்பாய்க்குள்ள கிடக்கு." கண் கலங்கிவிட்டது. "நான் உதுகளை நம்புறேல்லை அண்ணை. ஆனா அவனைப் பாக்கேக்கை எனக்கும் பயமாக் கிடக்கு. உங்கட பேருக்கு மாத்துங்கோ. வேலை செய்யிற எல்லாரும் தங்கட பெட்டியை எடுத்திட்டினம். நீங்கள் மட்டும்தான் எடுக்கேல்லை."

உண்மைதான். சர்க்கரை வியாதி காரணமாக நான் எடுப்பதில்லை. பெயர் மாற்றும் பத்திரம் என் கணினியிலேயே இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. வாய்விட்டுச் சிரித்து, 'இவ்வளவுதானே, கொண்டா' என்று சொல்லியிருக்கவேண்டியவன் நான்.

என் மகளுக்கு அப்போது நாலாம் மாதம். ரொறொன்ரோவில் இருக்கிறாள். கலியாணம் முடிந்து ஏழு வருடத்துக்குப் பிறகு தங்கியது. ஐந்து மாதம் முடியும்வரை வெளியே ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று சிவநேசம் சொல்லியிருந்தாள். வீட்டில் சண்டை எதற்கு என்று பேசாமல் இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கஜீவன் அந்தக் கடிதத்தை நீட்டியபோது என் கை மேசையை விட்டு எழும்பவில்லை.

"பேர் மாத்த விடமாட்டாங்கள் ராசா. ரூல் இல்லை," என்றேன்.

பச்சைப் பொய். எனக்குப் பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவன் நம்பினான். நான் சொன்னால் நம்புவான்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் அவன் வேலைக்கு வந்ததை வேலை என்று சொல்லமுடியாது. ஒரு நாள் ஃபோர்க்லிஃப்டைச் சரக்கு அடுக்கும் இறாக்கையில் கொண்டுபோய் இடித்தான். மேற்பார்வையாளர் கிறகரி அவனை வீட்டுக்குப் போகச் சொன்னார். போகவில்லை. சாப்பாட்டு அறையில் என் முன்னால் வந்து இருந்தான்.

"நேற்று ரெண்டு தரம் மூச்செடுக்க மறந்திட்டான் அண்ணை. தாதி காலில தட்டினாப் பிறகுதான் எடுத்தவன். நான் பக்கத்தில மரம் மாதிரி நிக்கிறன். ஒருக்கா நெஞ்சில வைச்சாக் காணும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மகள் போனில் கூப்பிட்டாள். நல்ல சந்தோசத்தில் இருந்தாள். தொட்டில் ஒன்று பாதி விலைக்குப் போட்டார்களாம், வாங்கிவிட்டாளாம்.

"திருப்பிக் குடு!" என்று கத்தினேன். "இப்ப ஆர் உன்னை வாங்கச் சொன்னது? இண்டைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்திட்டு வா."

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா... நீங்களா இப்பிடிக் கதைக்கிறீங்கள்?"

சிவநேசம் குசினி வாசலில் அகப்பையோடு நின்று என்னைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடம் என்னைத் திட்டியவள் அன்று திரும்பிப் போய்க் கறியைக் கிளறினாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஊரை எல்லாம் நக்கல் அடித்துவிட்டு, என் பயத்துக்காக ஒரு தகப்பனைப் பிள்ளையிடமிருந்து ஐந்து நாள் தள்ளி வைத்திருக்கிறேன். நம்புகிறவள் நிருஷா தன் பயத்தை அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் ரூலுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

காலையில் கிடங்கு திறக்கும் முன்பே போய்ப் பத்திரத்தை நிரப்பினேன். வாங்கியவர் என்ற இடத்தில் என் பெயர். குறிப்பு வரியை அழித்தேன். புதிய கடிதத்தை அச்செடுத்துக் கஜீவனிடம் கொடுத்தேன்.

"கேட்டுப் பாத்தன். விடுறாங்களாம்," என்றேன். முழு உண்மையைச் சொல்லும் ஆண்மை அன்றும் வரவில்லை.

அவன் என் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டான். பிறகு வேலை உடுப்போடேயே ஓடினான். கிறகரி கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு என் போன் அடித்தது.

"அண்ணை, கடிதத்தைக் காட்டினனான். வாசிச்சிட்டு நிருஷா ஒண்டு கேக்கிறாள்." தயங்கினான். "உங்கட வீட்டுப் பக்கம் பிள்ளைத்தாச்சி ஆரும் இருக்கினமோ?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் கடிதத்தைக் கண்டதும் நிம்மதி அடைவாள், அதோடு கதை முடியும் என்று நினைத்திருந்தேன்.

"இல்லை," என்றேன்.

போன் கை மாறியது. நிருஷாவின் குரல். ஒரு கிழமை அழுது அடைத்துப்போன குரல்.

"அண்ணை, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆரும் இருந்தா எனக்கு இது வேண்டாம். நான் பேசாமத் திருப்பித் தந்திடுறன். எங்கட பிள்ளைக்காக உந்தத் தோசத்தை இன்னொரு பிள்ளையில கொண்டுபோய் விட ஏலாது."

என் மேசைக்கு முன்னால் ஜன்னல். வெளியே ஒரு லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அவள் கடிதத்தை மடித்துத் திருப்பித் தருவாள் என்று எனக்குத் தெரியும். கஜீவன் திரும்பவும் பிள்ளையைத் தொடாமல் சுவரோடு நிற்பான்.

"ஒருத்தரும் இல்லை பிள்ளை," என்றேன். "எங்கட வீட்டில அப்பிடிப் பிள்ளை ஒண்டும் இல்லை."

"அப்ப சரி அண்ணை," என்றாள். போனை நிறுத்த மறந்து எங்கேயோ வைத்துவிட்டாள் போல. தாதி பிரெஞ்சில், சாய்ந்து இருங்கள், சட்டையை இன்னும் கொஞ்சம் திறவுங்கள், பயப்படாதீர்கள் என்று சொல்வது கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் இயந்திரச் சத்தம் மட்டும். பிறகு கஜீவன் அழுவது கேட்டது. சின்னப் பிள்ளை மாதிரி, வெட்கமில்லாமல் அழுதான்.

நான் போனை நிறுத்தினேன். 'பிள்ளை ஒண்டும் இல்லை' என்று சொன்ன வாயோடேயே மகளுடைய இலக்கத்தை அழுத்தினேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த நேரத்தில் அவள் வேலையில் இருப்பாள், போன் கைப்பைக்குள் கிடக்கும், எனக்குத் தெரியும். மூன்றாம் தடவையும் எடுக்கவில்லை. கிறகரி வந்து ஏதோ ஓடரைப் பற்றிக் கேட்டார். அவருக்குக் கையைக் காட்டிவிட்டு நான்காம் தடவை அழுத்தினேன்.