சி கிரேடு கேட்டவள்

"ஒரு அணிக்கு நூறு பாயிண்ட். எட்டுப் பேர். நூறைத் தாண்டினால் அணி செல்லாது."

சிதம்பரத்தில் நடக்கும் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியின் கமிட்டி, பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது. அதை நான் அழிக்கவில்லை. எந்தச் செய்தி எந்தக் கிழமை வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். என் மனைவிக்கு அது கேலிப்பொருள்.

அவள்தான் கடலூர் அணியின் கேப்டன், வயது நாற்பத்திரண்டு. முட்டி இந்த வருஷத்தோடு சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு சீசன். அதற்குள் அவளுக்கு ஒரே ஆசை. லால்பேட்டையிலிருந்து சிதம்பரம் கல்லூரிக்கு வந்து படிக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுடன் ஒரே அணியில் ஆட வேண்டும். முழுக்கைச் சட்டையும் தலைத்துணியுமாக அந்தப் பெண் எம்பினால் எதிரணி வேடிக்கைதான் பார்க்கும். போன வருஷம் அவளைத் தடுக்கும் வேலை என் மனைவிக்கு. தோற்றுவிட்டுப் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அவ எங்க நின்னு பந்து கேக்கறான்னு எவளும் பாக்க மாட்டேங்கறாங்க. நான் போட்டுக் குடுத்தா தெரியும்."

சிக்கல் பாயிண்ட்டில். இந்தப் போட்டியில் சம்பளம் கிடையாது, ஆட்டக்காரிகளை ஏலத்தில் எடுக்கப் பாயிண்ட்தான் காசு. கேப்டன் ஏலத்துக்குப் போக வேண்டாம், ஆனால் அவருடைய கிரேடுக்கான பாயிண்ட் நூறில் கழியும். ஏ கிரேடுக்கு இருபது, சி கிரேடுக்கு ஐந்து. என் மனைவி எப்போதும் ஏ. அவளுக்கு இருபது, மற்ற ஆறு பேருக்கு ஆளுக்குக் குறைந்தது ஐந்து என்று போனால், அந்தப் பெண்ணுக்கு ஐம்பதுக்கு மேல் கேட்க முடியாது. அறுபதைத் தாண்டும் என்று எல்லா அணியிலும் பேச்சு.

எனவே தன்னை சி கிரேடுக்கு இறக்கச் சொல்லி அவளே கமிட்டிக்கு எழுதினாள். மறு சனிக்கிழமை மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். கமிட்டித் தலைவர் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர், எங்களுக்குப் பழக்கம்.

"இன்னாக்கா இது? எல்லாரும் மேல ஏத்தச் சொல்லி சண்ட போடறாங்க. நீங்க எறக்கச் சொல்றீங்க."

"வயசாயிடுச்சுப்பா."

அவர் என் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்க சொல்லுங்க. அக்கா நெஜமாவே ஸ்லோ ஆயிட்டாங்களா?"

"மாடி ஏறும்போது இப்பல்லாம் நான்தான் முன்னாடி போறேன்" என்றேன். நடந்தது அதுதான்.

"ஆமா, பையெல்லாம் நான்ல தூக்கிட்டு வரேன்!" என்றாள் அவள், எதற்காக வந்தோம் என்பதை மறந்து.

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "சரி, கோட்டுக்குக் கோடு நாலு தடவ ஓடுங்கக்கா. பாத்துடுவோம்" என்றார்.

ஓடினாள். முதல் இரண்டு தடவை எனக்குப் பழக்கமான ஓட்டம். மூன்றாவதில் இடது கால் சற்றுப் பின்தங்கியது. நான்காவதை முடித்தபோது முட்டியைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், சிரிப்பில்லை. "முன்ன மாதிரி இல்லக்கா" என்று மெதுவாகச் சொல்லி, சி என்று எழுதிக்கொண்டார்.

ஏலத்தில் எங்கள் எல்லை அறுபத்தைந்து. சேத்தியாத்தோப்பு அணி விடாமல் ஏற்றிக்கொண்டே வந்து அறுபத்திரண்டில் நின்றது. என் மனைவி ஒரு கையால் என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினாள். அறுபத்து மூன்றுக்கு அந்தப் பெண் எங்களுக்கு.

மற்ற ஆறு பேரையும் ஐந்து ஐந்துக்கு எடுத்தாள். பெரிய பெயர் யாருக்கும் இல்லை. அவள் பார்த்தது ஒன்றைத்தான்: "தனக்குப் பந்து வேணும்னு கத்தறவ வேணாம். அந்தப் பொண்ணுக்கு எடம் பண்ணிக் குடுக்கறவ போதும்." கடைசியில் இரண்டு பாயிண்ட் மிஞ்சியது. "இதுக்கு டீ கெடைக்குமா?" என்று தலைவரிடம் கேட்டாள்.

முதல் ஆட்டத்தில் அவள் அதிகம் ஓடவில்லை. நடுக்கோட்டருகே நின்றபடி, அந்தப் பெண் இன்னும் போய்ச் சேராத இடத்துக்குப் பந்தைப் போட்டாள். பந்து போய்ச் சேரும்போது அவளும் அங்கே இருந்தாள். மூன்றாவது கூடை விழுந்ததும் அந்தப் பெண் ஓடி வந்து, "எப்டிக்கா தெரிஞ்சுது?" என்றாள். என் மனைவி அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அன்று ஜெயித்தோம்.

திரும்பும் பஸ்ஸில் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "அன்னிக்கு கமிட்டி முன்னாடி முழுசா ஓடினியா, இல்ல நடிச்சியா?"

"உங்க நோட்டுல என்னன்னு எழுதப்போறீங்க?"

"நீ சொல்றத."

"அப்ப சும்மா இருங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நடித்திருந்தால் கமிட்டிக்குச் செய்த துரோகம். இருந்தாலும் அவள் நடித்திருக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். அதன் பிறகும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். இன்றைய தேதி வரை உறுதியாகவில்லை.