சிவசங்கரன் தனக்கே தாத்தா ஆன சனிக்கிழமை

ஜோகுபாளையம் சிவசங்கரனுக்கு வேண்டியது ஒரு முழம் பட்டுத்துணி. குலதெய்வக் கோயில் ஆடிப் பூஜையில் குடும்பத்தின் மூத்த கிளைக்குத்தான் பரிவட்டம் கட்டுவார்கள். மூத்த கிளை எது என்று அவருக்கும் ஜீவனஹள்ளிப் பங்காளி சரவணனுக்கும் பதினோரு வருடத் தகராறு. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒருவரையொருவர் ‘தம்பி’ என்றே அழைத்தார்கள்.

“இந்த ஆடிக்கு ஆதாரத்தோட வர்றேன் தம்பி” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சிவசங்கரன் குரல் பதிவு போட்டார்.

“வாங்க தம்பி, பாக்கலாம்” என்றார் சரவணன்.

வம்சாவளி தேடுவது எப்படி என்று வெளிநாட்டுச் சங்கம் ஒன்று இணையத்தில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது. சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, மேலே இஸ்திரிச் சட்டையும் கீழே லுங்கியுமாக லேப்டாப் முன் உட்கார்ந்தார்.

“உங்களிலிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள்” என்றார் உரையாற்றிய அம்மாள்.

வம்சாவளி மென்பொருளில் பெயர்களை ஏற்றிக்கொண்டே போனார். அவர் சிவசங்கரன், அப்பா கோவிந்தப்பா, தாத்தா சிவசங்கரன், கொள்ளுத்தாத்தா கோவிந்தப்பா. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வீடு. ‘இவ்விருவரும் ஒருவரே போலிருக்கிறது, சேர்த்துவிடலாமா?’ என்று மென்பொருள் மரியாதையாகக் கேட்டது. அவரும் மரியாதையாகச் சரி என்றார். உடனே சிவப்பு எழுத்தில் அறிவிப்பு: சிவசங்கரன் தனக்கே தாத்தா.

மனைவி பாகீரதி எட்டிப் பார்த்தாள். “அப்ப சின்ன வயசுல உங்கள பெல்ட்டால அடிச்சது உங்க புள்ளையா?”

கேள்வி நேரத்தில் கையைத் தூக்கி விவரத்தைச் சொன்னார். ஒலி அணைத்திருந்த இருநூறு முகங்கள் சத்தமில்லாமல் குலுங்கின.

“உங்கள் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லையே! அம்மா, மனைவி, அக்கா, தங்கை எல்லோரையும் சேருங்கள். ஆண்கள் தானாகப் பிரிவார்கள்” என்றார் அந்த அம்மாள்.

வேறு வழியில்லாமல் பாகீரதியிடம் கேட்டார். பாகீரதி சொந்தத்தில் எடுத்த பெண். பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்தாள். கொள்ளுத்தாத்தா தன் மூன்று பிள்ளைகளின் பிறந்த தேதியையும் அதில் எழுதியிருந்தார்.

“இத ஏன்டி இத்தன வருஷமா சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க?”

சரவணனின் தாத்தா 1914. சிவசங்கரனின் தாத்தா 1911. எழுந்து குதித்தவரின் லுங்கி அவிழ்ந்தது. கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“மொத வரியப் படிங்க” என்றாள் பாகீரதி.

அன்னம்மாள், 1908.

“எங்கப்பாவப் பெத்தவங்க. அப்ப மூத்த கிளை நான்தானே?”

சிவசங்கரன் லுங்கியைக் கட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு குழுவுக்கு அனுப்ப நோட்டைப் படம் எடுக்கப் போனார். முதல் வரியின் மேல் அவருடைய கட்டைவிரல் தற்செயலாக விழுந்திருந்தது.

“விரல எடுங்க.”

எடுத்தார். படம் போனது. பிறகு சரவணன் குரல் சிரித்துக்கொண்டே வந்தது: “எனக்கில்லாட்டி போவுது, உனக்கும் இல்ல பாரு! பாகீரதிக்கே கட்டிடலாம்யா, நான் ரெடி!”

ஆடிப் பூஜையில் பட்டு பாகீரதியின் மல்லிகைச் சரத்தின் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. தீபாராதனை முடியும்வரை, இந்தப் பக்கம் சிவசங்கரனும் அந்தப் பக்கம் சரவணனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.