சேரமாட்டேன் என்று சொன்ன கலாநிதி

போன புதன்கிழமை என் நாத்தனார் கலேவெலப் பக்கம் ஒரு கூட்டத்தில் பேசப் போனாள். விவசாயிகளுக்கு ஒரு காப்புறுதித் திட்டத்தை அறிமுகப்படுத்த வேண்டும். அதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. கூட்டம் முடிந்தபோது ஒருவர்கூடத் திட்டத்தில் சேரவில்லை. சேர வேண்டாம் என்று சொன்னதே அவள்தான்.

ஜெசிந்தா என்று பெயர். வீட்டில் ஜெஸி. என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. காலநிலை, சூழல் பொருளியலில் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு மாத்தளைக்குத் திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அப்படியும் ஒரு படிப்பா என்கிறீர்களா? நாங்களும் கேட்டோம். வெள்ளம் வந்தால் யாருக்கு என்ன நட்டம், காட்டை வெட்டினால் அந்த நட்டம் யார் தலையில் விடியும், மழை இல்லாவிட்டால் ஒரு குடும்பம் முதலில் எதை விற்கும் – இதையெல்லாம் கணித்துச் சொல்கிற படிப்பு என்றாள். விளக்கம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றால் ஒரே கேள்விதான்... இதுக்கு என்ன வேலை கிடைக்கும்?

வேலைக்கெல்லாம் பஞ்சமில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆகலாம். அமைச்சுகளுக்கு ஆலோசனை சொல்லலாம். சர்வதேச நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதலாம்... எழுதிக்கொண்டே இருக்கலாம். தேயிலை ஏற்றுமதி செய்கிற கம்பெனிகள்கூட இப்போது கார்பன் கணக்குப் பார்க்க ஆள் தேடுகின்றனவாம். ஜெஸியை சிங்கப்பூர் வங்கி ஒன்று கூப்பிட்டிருந்தது. கடலோர ஹோட்டலுக்குக் கடன் கொடுத்தால் கடல் அதை எப்போது வந்து எடுத்துக்கொள்ளும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் கொழும்புக் காப்புறுதி நிறுவனம் ஒன்று அவளைத் தற்காலிகமாக எடுத்திருந்தது. கலேவெலக் கூட்டம் நல்லபடியாக நடந்தால் வேலை நிரந்தரம். வீட்டில் இதைப்பற்றி இரண்டு கட்சி. என் வீட்டுக்காரர் சிங்கப்பூர்க் கட்சி. நான்... நடுநிலை என்று சொல்லிக்கொண்டேன்.

“அண்ணி, நீங்களும் வாங்களேன். நீங்க பேப்பர்ல எழுதுற பத்திக்கு எதாச்சும் கெடைக்கும்” என்று கம்பெனி வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டாள்.

வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவள் அன்று பல்லேபொல தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. முன் சீட்டில் ரீஜனல் மேனேஜர். சிங்களத்தில் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தார். பெரும்போக விதைப்பு தொடங்குமுன் எத்தனை கிராமங்களைப் பிடித்துவிடலாம் என்பதுதான் அவருடைய பேச்சு.

திட்டம் கேட்பதற்கு அழகானது. வயலுக்கு யாரும் வந்து சேதத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு மழைமானி இருக்கும். அதில் பதிவாகிற மழை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், அந்தப் பகுதியில் காப்புறுதி எடுத்த எல்லாருக்கும் நட்டஈடு. அலைச்சல் இல்லை, யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் நிறுவனம் நம்பியிருந்த மழைமானி மலைப்பக்கம் இருந்தது. அங்கே பெய்கிற மழை இந்தக் கிராமத்துக்கு வருவதில்லை. பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்த ஜெஸிக்கு இது தெரிந்துபோயிற்று. இங்கே பயிர் கருகிப்போன போகங்களில்கூட அந்த மானியில் போதுமான மழை விழுந்திருந்தது. அதாவது... வயல் காயும், நட்டஈடு வராது. மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாள். முதலில் ஆரம்பிப்போம், ஒரு போகம் போனபிறகு திருத்தலாம் என்றிருக்கிறார் அவர். அவளுடைய மௌனத்துக்கு இதுதான் காரணம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. சிங்கள விவசாயிகள், முஸ்லிம் விவசாயிகள், கொஞ்சம் பெண்கள். நெல் செய்கிறவர்கள், பெரிய வெங்காயம் போடுகிறவர்கள். ஜெஸி சிங்களத்திலும் தமிழிலும் மாறிமாறித் திட்டத்தை விளக்கினாள். மழைமானி எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முன்வரிசையில் இருந்த ரிஸ்வானா என்கிற பெண் எழுந்தார். கணவருக்கு டவுனில் கடை. வயலைப் பார்ப்பது இவர்தான் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். சண்டை பிடிக்கிற தொனியெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

“மிஸ், நீங்க எங்கட எடத்துல இருந்தா இதுல சேருவீங்களா?”

இப்படிப்பட்ட கேள்விக்கு ஆயிரம் பதில் இருக்கிறது, இல்லையா? பார்த்து முடிவெடுங்கள் எனலாம். எல்லாத் திட்டத்திலும் குறை இருக்கும் எனலாம். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். படித்தவர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

ஜெஸி மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

“இல்லங்க. இப்ப இருக்கிற மாதிரி இருந்தா நான் சேரமாட்டேன்.”

பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னாள். ஏன் என்பதையும் சொன்னாள். மானி கிராமத்துக்குப் பக்கத்தில் வந்தால், அதன்பிறகு தானே முன்னின்று சேரச் சொல்வதாகவும் சொன்னாள். ஒருவரும் சேர்வதற்குப் பெயர் கொடுக்கவில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் மேனேஜர் ஃபோனில் ஏதோ தட்டிக்கொண்டே வந்தார். எங்கள் கேட்டில் இறக்கிவிடும்போது, கொழும்புக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது என்றார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்பாடா என்றுதான் சொன்னார். சிங்கப்பூர் இருக்கிறதே. இன்றைக்கே சம்மதம் எழுதிப் போடு என்றார். நியாயம்தான். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. நடுநிலை போயிற்று.

ஜெஸி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

“அண்ணே, அங்க போறது தப்பில்ல. ஆனா இப்ப போனா, அந்த சனத்துக்கிட்ட வேணாம்னு மட்டும் சொல்லிட்டு ஓடுன மாதிரி ஆயிரும். சரியானத செய்ய எனக்குத் தெரியுமே... அதுக்குத்தானே படிச்சேன்.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஜெஸி கொழும்பு பஸ்ஸில் ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை. தானாகவே போய் நிறுவனத்தின் தலைமை அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். காத்திருந்த நேரம் முழுக்கப் பயமாக இருந்ததாகப் பிறகு சொன்னாள். உள்ளே போனதும் பயம் போய்விட்டதாம். அங்கே பேச வேண்டியது அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அல்லவா?

இந்தத் திட்டத்தை விற்கலாம், இப்போதே விற்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் முதல் வறட்சியில் வயல் காய்ந்து நட்டஈடு வராவிட்டால், அந்தப் பக்கத்தில் இந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஒரு சைக்கிளுக்குக்கூடக் காப்புறுதி விற்க முடியாது. நட்டம் விவசாயிக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்தான். கிராமத்துக்குள்ளேயே மானிகளை வைக்க வேண்டும், அதோடு வானத்திலிருந்து செய்மதி அனுப்புகிற மழைத் தரவையும் சேர்த்துத் திட்டத்தைத் திருத்த வேண்டும் – எப்படி என்பதையும் விளக்கியிருக்கிறாள்.

தலைமை அதிகாரியான அந்த அம்மா நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாராம். கடைசியில் ஒரே கேள்வி... இதை யார் செய்வது?

“நான்” என்றிருக்கிறாள் எங்கள் கலாநிதி.

பெரும்போகத்துக்குத் திட்டம் இல்லை. அடுத்த போகத்துக்குத்தான். ஜெஸிக்கு வேலை நிரந்தரம். காலநிலை ஆபத்துப் பிரிவு என்று புதிதாக ஒன்று ஆரம்பித்து அதற்கு அவளைத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். இப்போதைக்கு அந்தப் பிரிவில் தலைவியும் அவள்தான், ஊழியரும் அவள்தான். ரீஜனல் மேனேஜர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை சிங்கப்பூருக்கு நன்றி சொல்லி எழுதிவிட்டாள்.

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரை உம்மென்று இருந்தார். பிறகு சாப்பாட்டு மேசையில், மழைமானியைக் கூரைக்குப் பக்கத்தில் வைக்கலாமா, வெட்டவெளியில்தான் வைக்கணுமா என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டார். வெட்டவெளியில் என்றாள் தங்கை. சமாதானம் ஆகிவிட்டது.

முதல் மானிக்கு இடம் கேட்டு ஜெஸி ரிஸ்வானாவுக்கு ஃபோன் செய்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“மானிய எங்கட வீட்டு வளவுல வைங்க மிஸ். சேர்ற கதைய பொறகு பாப்போம்” என்றார் அவர்.

ஜெஸி சிரித்தாள். அதற்குமேல் அவளுக்கும் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கோவில் வாசலில் இப்போதும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். நான்தான் யோசிக்கிறேன்... படித்தவர்களுக்கு எப்படியாவது வேலை கிடைத்துவிடுகிறது. படிப்புக்குத்தான் பல இடங்களில் வேலையே கிடைப்பதில்லை.