கடலோடு போன பாஸ்

அருட்பிரகாசம் பெருவிரலை மடக்கி, "இங்கிலீஷ். சுங்கக் கந்தோரிலை," என்றார். சுட்டுவிரலை மடக்கி, "கணக்கு. மீன் ஏலத்திலை." நடுவிரல் பூமிசாஸ்திரம், அது ரங்கூனுக்கும் கொச்சிக்கும் போய்வந்த பாய்க்கப்பல்காரர் வாயிலிருந்து கிடைத்தது. மோதிரவிரல் தமிழ், பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரியும் நாட்டுக்கூத்தும் கொடுத்தது. கடைசியில் மிஞ்சிய சின்னவிரலை அவர் உடனே மடக்கவில்லை. தெல்லிப்பழையிலிருந்து கருவாடு வாங்க வந்திருந்த வியாபாரியின் முகத்துக்கு நேரே அதை ஆட்டிக் காட்டினார்.

"இது லத்தீன். இதைப் படிக்கிறதுக்குப் பட்டணத்துப் பெடியள் மாசாமாசம் காசு குடுத்து அழுகினம். எனக்கு ஏழு வயசிலையிருந்து வாயிலை கிடக்கு."

"அப்ப ஐயா எந்தக் கல்லூரி?" என்று வியாபாரி கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் அருட்பிரகாசம் காத்திருந்தார். "லண்டனிலை சோதனை வைக்கிறவனுக்கு நான் எங்கை படிச்சனான் எண்டது தேவையில்லை. தெரியுமோ, தெரியாதோ? அவ்வளவுதான் அவன்ரை கேள்வி."

வியாபாரி கருவாட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு, லண்டன்காரனை இரண்டு முறை திரும்பிப் பார்த்தபடி போனார்.

குருநகர்க் கோயிலில் அருட்பிரகாசம் சங்கிலித்தாம் என்னும் கோயிற்பணியாளர். மணி அடிப்பது, மெழுகுதிரி கொளுத்துவது, பூசையில் சுவாமி லத்தீனில் சொல்வதற்கு லத்தீனிலேயே மறுமொழி சொல்வது என்பன வேலை. தகப்பன் இறந்தபோது கோயில் திறப்புக்கொத்தோடு சேர்ந்து வந்த வேலை. ஊர் அவரை 'மெட்ரிக் அண்ணை' என்று கூப்பிட்டது. லண்டன் மெட்ரிக்குலேஷன் சோதனையை அவர் அதுவரை ஐந்து முறை எழுதியிருந்தார். எந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரும் தேவையில்லை. கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய் எழுதலாம். ஐந்து பாடத்திலும் ஒரே தடவையில் தேறவேண்டும். அறிவை நீ எங்கே பொறுக்கினாலும் லண்டன் அதை நிறுத்துப் பார்த்து முத்திரை குத்தித் தரும். அருட்பிரகாசத்தின் அபிப்பிராயத்தில் சரக்கு முழுவதும் கையில் இருந்தது. முத்திரை மட்டுமே குறை.

ஆகையால் அவர் படிப்பதில்லை. படிப்பு தெரியாதவர்களுக்கு உரியது. சோதனை நெருங்கும்போது மற்றவர்கள் மண்ணெண்ணெய் விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்க, இவர் சுங்கக் கந்தோர் வாசலில் நின்று, வெள்ளைக்கார அதிகாரி பியோனை ஏசுவதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அது ஆங்கிலக் கட்டுரைக்கு. இதன் பலனாக அவருடைய ஆங்கிலம் திருத்தமாகவும் சற்றுக் கோபமாகவும் இருந்தது. கணக்கில் விடைகள் சரியாகவே வரும். வழி காட்ட மாட்டார். ஏலத்தில் நின்று வழி காட்டிக்கொண்டிருந்தால் மீன் பழுதாகிவிடும் என்பது அவர் வாதம். பூமிசாஸ்திரத்தில் ஒருமுறை பர்மாவின் விளைபொருள்களைக் கேட்டார்கள். ரங்கூன் துறைமுகத்தில் எந்தச் சாப்பாட்டுக்கடைக்குள் கால் வைக்கக் கூடாது என்று விரிவாக எழுதினார். பாய்க்கப்பல்காரர் சொன்னவற்றுள் அவருக்கு ஐயமறத் தெரிந்தது அது ஒன்றுதான்.

லத்தீன் அப்படியல்ல. லத்தீனில் அவருக்கு ஐயமே கிடையாது. நாலாம் முறை எழுதிவிட்டு வந்து, பிரான்சு தேசத்துக் கிழவரான பங்குச் சுவாமியிடம் வினாத்தாளைத் தாமாகவே கொண்டுபோய்க் காட்டினார். மொழிபெயர்க்கக் கொடுத்திருந்த பந்தி, ஒரு படை இரவில் ஆற்றைக் கடந்து எதிரியைத் தாக்கியதைச் சொல்வது. தண்ணீர், அப்பம், இரவு, பிதா என்று நாலைந்து சொற்கள் அருட்பிரகாசத்துக்கு நாள்தோறும் பூசையில் பழகியவை. நடுவே கிடந்த இடங்களை விசுவாசத்தால் நிரப்பியிருந்தார்.

"படை முழங்காலிலை நிண்டு, நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்கிச்சுது சுவாமி. பேந்து சமாதானமாய்ப் போச்சுது."

சுவாமி வினாத்தாளை நாலாக மடித்துக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சிறிது நேரம் கழித்து அறைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "அதிலே ஆயிரம் பேர் செத்துப்போனார்கள், அருட்பிரகாசம்."

"நன்மை வாங்கித்தானே செத்தவங்கள், சுவாமி."

முடிவு வந்தபோது அவர் கலங்கவில்லை. "லண்டனிலை புரட்டஸ்தாந்துக்காரர் கூட. எங்கடை லத்தீன் அவங்களுக்குப் பிடிக்காது," என்றார்.

இந்தப் பாஸுக்காக உண்மையாகக் காத்திருந்த ஆள் லண்டனில் இல்லை, இரண்டு வீடு தள்ளி இருந்தாள். ஸ்ரெல்லா, நீக்கிலாப்பிள்ளையின் கடைசி மகள். நீக்கிலாப்பிள்ளை வள்ளங்களும் வலைகளும் ஆட்களும் உடைய சம்மாட்டி. மீன் பிடிக்கத் தெரிந்த மருமக்கள் அவருக்கு ஏற்கனவே இருந்தார்கள். நாற்காலியில் இருக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும் என்பது அவர் ஆசை. "தம்பி, லண்டன் பாஸ் எண்டு வா. பெட்டையைக் கூட்டிக்கொண்டு போ," என்று சொல்லிவைத்தார். சொன்னபோது ஸ்ரெல்லாவுக்கு இருபத்திரண்டு வயது. கன்னியர் மடத்தில் பழகிய ரேந்தையை அவள் நன்றாகப் பின்னுவாள். ஒவ்வொரு முறை முடிவு வரும்போதும் ஒரு மேசைவிரிப்பு முடிந்திருக்கும். அந்த வீட்டில் இப்போது மேசைகளைவிட விரிப்புகள் அதிகம். அருட்பிரகாசத்தில் அவள் எதைக் கண்டாள் என்பது ஊருக்கு விளங்கவில்லை. இல்லாததைச் சொல்லும்போது அவருக்குக் காது சிவக்கும் என்பதை அவள் மட்டும் கண்டிருந்தாள். இவ்வளவு பேசும் ஒரு மனிதரிடம் அது பெரிய வசதி.

ஆறாம் முறை எழுதியது யுத்தத்தின் நடுவில். விடைத்தாள்கள் கொழும்பில் கப்பலேறின; லண்டனில் இறங்கவில்லை. ஏற்றிச்சென்ற கப்பலை ஜெர்மன்காரர் குண்டு போட்டு மூழ்கடித்துவிட்டார்கள் என்று புதினப்பத்திரிகையில் வந்தது. அருட்பிரகாசத்தின் தாய் லூர்த்தம்மா அன்று பின்னேரமே அந்தோனியாருக்கு முன்னால் ஒரு பெரிய மெழுகுதிரி கொளுத்தினாள். மகன் பாஸ் பண்ணினால் கொளுத்துவதாக நேர்ந்திருந்த திரி அது.

"பெயில் எண்டு வரேல்லைத்தானே," என்றாள்.

பாஸ் என்றும் வரவில்லை. இதைத் தீர்க்க, கரையில் நீக்கிலாப்பிள்ளையின் மீன்கொட்டிலான வாடியில் சம்மாட்டிமார் கூடினார்கள். கடலில் போனது எதுவானாலும் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது அவர்கள் எண்ணம். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலை அறுந்து கடலோடு போய்விட்டால், அதில் மீன் நிறைந்து கிடந்தது என்றே கொள்வார்கள். தொழிலுக்குப் போனவனை ஒருவரும் குறை சொல்வதில்லை.

"வெறும் வலை அறாது," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "பாரம் கூடித்தான் அறும். உதுவும் அப்பிடித்தான். பெடியன் நிறைய எழுதியிருக்கிறான்."

"குண்டு போட்டதெண்டெல்லோ பேப்பரிலை கிடக்கு?" என்றார் ஒருவர்.

"குண்டு ஒரு சாட்டு."

லண்டன் இத்தனை வருஷமாகச் செய்ய முடியாததை வாடி ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் செய்துவிட்டது. நீக்கிலாப்பிள்ளைக்கும் வயது போய்க்கொண்டிருந்தது. தாம் போட்ட நிபந்தனையிலிருந்து மரியாதை கெடாமல் இறங்க அவருக்கு ஒரு படி தேவைப்பட்டது. ஜெர்மன்காரர் கட்டிக் கொடுத்தார்கள். தபசுகாலம் தொடங்கினால் கோயிலில் கலியாணம் கிடையாது. அதற்கு முன் முடித்துவிடுவது என்று பேச்சாயிற்று.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் கல்விக் கந்தோர் ஒரு அறிவித்தல் போட்டது: தாள் கடலில் போனவர்கள் ஜனவரியில் மறுபடி எழுதலாம், கட்டணம் இல்லை. கரையில் ஒருவரும் இதைப் பொருட்படுத்தவில்லை. அருட்பிரகாசம் பொருட்படுத்தினார். வண்ணார்பண்ணையில் யாரோ சிரித்ததாக அவருக்குக் கேள்வி.

"பயந்துபோய் நிக்கிறன் எண்டெல்லோ கதைப்பாங்கள்," என்று பெட்டி அடுக்கினார்.

சோதனை திங்கட்கிழமை. கொழும்புக்கு ஞாயிறு காலை ஸ்ரேஷனில் கோச்சி ஏறவேண்டும். அதே ஞாயிறு காலைப் பூசையில்தான் இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று சுவாமி முதலாம் ஓலை வாசிப்பதாக இருந்தது. நீக்கிலாப்பிள்ளை ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: "திரும்ப எழுதப் போறார் எண்டால் பாஸ் பண்ணேல்லை எண்டுதான் கருத்து. போகட்டும். ஓலையை நிப்பாட்டுறன். பாசையூரிலையிருந்தும் ஒரு பேச்சு வந்து கிடக்கு."

சனிக்கிழமை பின்னேரம் அருட்பிரகாசம் கோயிலில் பூசைச் சாமான்களை அலுமாரியில் வைத்துக்கொண்டிருந்தபோது ஸ்ரெல்லா வாசலில் வந்து நின்றாள்.

"போகாதையுங்கோ."

"எனக்குத் தெரியாதெண்டு நீயும் நினைக்கிறாய்."

"தெரியும் எண்டு கரை முழுக்கச் சொல்லுது. அது காணாதோ?"

"லண்டன் சொல்லவேணும்."

"லண்டன் அஞ்சு முறை சொல்லிப்போட்டுது."

அவர் ஒரு குத்துவிளக்கைத் தேவைக்கு மேலாகத் துடைத்தார்.

"பாஸ் பண்ணின ஆக்கள் ஆரும் திரும்ப எழுதுவினமோ?" என்றாள் ஸ்ரெல்லா. "கோச்சியிலை கால் வைச்சால் அந்த நிமிஷமே நீங்கள் பெயில். பிறகு எழுதினால் என்ன, விட்டால் என்ன."

லண்டன் வினாத்தாள் ஒன்றிலும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. அதற்கு விடை கற்றுத்தரச் சுங்கக் கந்தோரிலும் ஆள் இல்லை.

"போன முறை லத்தீன் திறமாய்ச் செய்தனான்," என்றார். காது இரண்டும் சிவந்தன.

"உள்ளதைச் சொல்லுங்கோ."

"ஒரு பந்திதான் பிடிபடேல்லை."

"எத்தினை பந்தி குடுத்தவங்கள்?"

அவர் அலுமாரிக் கதவைச் சாத்தினார்.

"ஒண்டு."

ஸ்ரெல்லா சிரிக்கவில்லை. "அது இனி மீனுக்குத்தான் தெரியும்," என்றாள். "எனக்கு இருபத்தெட்டு முடியுது. இன்னொரு மேசைவிரிப்புப் பின்ன என்னாலை ஏலாது." சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. காலைக் கோச்சி நேரத்துக்குப் புறப்பட்டது. கோயில் மணியும் நேரத்துக்கு அடித்தது, அருட்பிரகாசம்தான் அடித்தார். வாடைக்காற்றுக் கடுமையாக இருந்தது. நீக்கிலாப்பிள்ளை ஆண்கள் பக்கத்தில் முன்வாங்கில் இருந்தார். ஸ்ரெல்லா பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு இருந்தாள். பிரசங்கம் முடிந்தபின் சுவாமி ஓலையை எடுத்து இரண்டு பெயர்களையும் வாசித்தார். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்து, வழக்கம்போல் சற்று நிறுத்தினார். ஒருவரும் எழும்பவில்லை. பீடத்துக்குப் பக்கத்தில் நின்ற அருட்பிரகாசம் காது சிவக்கக் குனிந்து, இறுக்கமாகவே இருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.