மந்தையில்லாத வீட்டில் ஒரு மேய்ப்பு நாய்

மஸ்கட்டில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பிய என் கணவர், ஊருக்கு வந்ததும் செய்த முதல் காரியம் பெங்களூரிலிருந்து ஒரு நாய்க்குட்டியை வரவழைத்ததுதான். கறுப்பு உடம்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளை முடி. பார்டர் கோலி என்றார். ஆடு மேய்க்கும் இனமாம். எங்கள் ஊரில் வயல் உண்டு, குளம் உண்டு, வாய்க்கால் உண்டு. ஆட்டு மந்தை கிடையாது. அதைச் சொன்னேன்.

“உனக்கு அதெல்லாம் புரியாது” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வந்தார். “பார்டர்னா, நம்ம களியக்காவிளை கேரளா பார்டரா அண்ணாச்சி?”

“இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல உள்ள பார்டராக்கும் ஓய்! அங்க ஒரே ஒரு கெடா நாய். இன்னைக்கு உலகத்துல உள்ள கோலி முழுக்க அதுக்க வம்சம்.”

தன் கொள்ளுத்தாத்தா பெயர் கேட்டால் தலையைச் சொறிகிறவர், இதை மட்டும் மூச்சு விடாமல் சொன்னார்.

இந்த இனத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வேலை கொடுக்காவிட்டால் அதுவே ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்ளும். என் கணவர் இதற்கு நேர்மாறு. நாய் முதலில் கோழிகளை மேய்த்தது. பிறகு தெருவில் விளையாடிய பிள்ளைகளை. அதிகம் குரைக்காது. வயிறு தரையில் உரச, தலையைத் தாழ்த்தி, கண் இமைக்காமல் பார்க்கும். சுற்றி வந்து எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்க்கும். நகராதவர் குதிகாலை மெல்லக் கவ்வும். என் மகள் மட்டும் ஒரு விசில் அடித்து அதைப் படுக்கவைக்கப் பழக்கியிருந்தாள்.

அவளைப் பெண் பார்க்கத் தக்கலைப் பக்கமிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அப்பா, அம்மா, தாய்மாமன். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் வைத்தேன். அந்த நேரம் பார்த்து நாய் உள்ளே வந்தது.

“பூர்வீகம் எங்க?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

என் கணவர் முகம் மலர்ந்து, ஸ்காட்லாந்து மலையில் தொடங்கி, பனி, செம்மறியாடு, வம்சம் என்று விளக்கி முடித்தார். வந்தவர் காப்பியைக் கீழே வைத்தார்.

“நான் உங்க பூர்வீகத்தையாக்கும் கேட்டேன்.”

பிறகு அவர்கள் இடத்தைச் சுற்றிப் பார்க்கப் பின்புறம் போனார்கள். அப்பா வீட்டைக் கண்ணால் அளந்தார். அம்மா கிணற்றை எட்டிப் பார்த்தார். தாய்மாமன் போனோடு தென்னை மரத்தடிக்கு நடந்தார். மாப்பிள்ளை செல்ஃபி எடுத்தார். இப்படி ஆளுக்கொரு திக்கில் சிதறி நிற்பதை எந்தக் கோலியாலும் பொறுத்துக்கொள்ள முடியாது. சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது நால்வரும் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். நாய் எதிரே பதுங்கி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை, தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தார்.

“நீ அனங்காத நில்லு மக்கா, கடிச்சிரப் போவுது!” என்று அந்த அம்மாள் கையை விரித்து மறித்தார்.

அடுக்களையிலிருந்து மகள் விசில் அடித்தாள். நாய் படுத்துவிட்டது. பெண் விசில் அடித்ததைக் கேட்டதும் அந்த அம்மாளுக்கு நாய்ப் பயம் போய் வேறு பயம் வந்தது.

மறுநாள் தரகர் போன் செய்தார். “சரிப்படாதுன்னு சொல்லிட்டாவ.”

என் கணவர் நாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் மனசு கனத்துதான் இருந்தது. மகள் சோறு பிசைந்துகொண்டே சொன்னாள்: “விடுங்கம்மா. கல்யாணம் முடிஞ்சா அவருக்க அம்மாவுக்குப் பதிலா நானுல்லா அவருக்கு முன்னால போய் நிக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கனமும் இல்லை.

சாயந்தரமே என் கணவர் பக்கத்து வீட்டுக்காரரிடம், “இந்த இனத்துக்கு ஆளைக் கண்டாலே குணம் தெரிஞ்சிரும், கேட்டீரா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தவரை அது யார் குணத்தையும் பார்ப்பதில்லை. அதற்கு எல்லோரும் ஆடுதான்.

பள்ளிக்கூடம் திறந்து, தெருவில் மேய்க்கப் பிள்ளைகள் குறைந்ததும் அது என் கணவர்மேல் திரும்பியது. விடிந்ததும் குதிகாலைக் கவ்வி எழுப்பி, வாய்க்கால் கரை நெடுக நடத்திக் கூட்டி வருகிறது. சர்க்கரை குறைந்திருப்பதாக டாக்டர் போன மாதம் பாராட்டினார்.

“எல்லாம் நம்ம கட்டுப்பாடுதான் டாக்டர்” என்றார் என் கணவர்.